நான்காவது மாடி ஸ்வீட்லின்

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். பதினோரு வீட்டில் பால் காய்ச்சி, குடிவந்து, சுவரில் ஆணியடித்து, அடுத்த வீட்டு ஆணிச் சத்தத்துக்குச் சண்டையும் போட்டு முடித்துவிட்டோம். பன்னிரண்டாவது வீட்டின் சொந்தக்காரர் மட்டும் ஐந்து மாதமாகத் தன் வீட்டுக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. அவர் பெயர் ஸ்வீட்லின். அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என்னுடைய இரண்டு தப்புகளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பரவாயில்லை, தெரிந்த கதைதான், தெரு முழுக்கச் சிரித்தாயிற்று.

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் கட்டடம். தரையில் கார் நிறுத்தும் இடம், அதற்கு மேல் நான்கு மாடி, மாடிக்கு மூன்று வீடு. நான், ரவிச்சந்திரன், முதல் மாடி. விருதுநகர்க்காரன். ஐ.டி. கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் என்பதால் குடியிருப்போர் சங்கத்துக்கு என்னையே செயலாளர் ஆக்கினார்கள்.

ஸ்வீட்லினும் குறை கண்டுபிடிக்கிற வேலைதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடமாக ஆய்வுப் பிரிவில் இருக்கிறார். வருகிற பாகத்தை அளந்து, அளவு சரியென்றால் இந்தப் பெட்டி, சரியில்லையென்றால் அந்தப் பெட்டி. அவருக்கு அங்கே 'ரிஜெக்ட் அக்கா' என்றே பெயர். முதலாளியே கெஞ்சினாலும் சரியில்லாததைச் சரியான பெட்டிக்கு மாற்ற மாட்டாராம். வயது நாற்பத்தொன்று. இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டது. பக்கவாட்டில் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறார். இறங்கினால் சக்கர நாற்காலி. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும்.

சக்கர நாற்காலிக்காரர் நான்காவது மாடியில் வீடு வாங்கலாமா என்று எல்லோரும் கேட்டோம். எங்களுக்கு அப்படியொரு அக்கறை. அவர் சொன்ன பதில் இது.

"பொறந்ததுலேர்ந்து தரை ஊட்லயே வாடகைக்கு கீறோம் சார். மழை வந்தா மொத விருந்தாளி எங்க ஊட்டுக்குத்தான். கட்டில் மேல உக்காந்துகினு பாத்திரம் மிதக்கறத எண்ணிக்கினு இருப்பேன். சொந்தமா வாங்கறப்பவாச்சும் தண்ணி ஏறி வராத எடத்துல வாங்கக் கூடாதா? அதுக்குத்தானே லிஃப்டு?"

லிஃப்டுக்குத்தான் வந்தது சோதனை. வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், கட்டிய பிறகு பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கிப் பார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அனுமதி வாங்கிய வரைபடப்படிதான் கட்டடம் கட்டப்பட்டிருக்கிறது என்று அரசாங்கம் நேரில் வந்து பார்த்துத் தருகிற சான்றிதழ் அது. எல்லோரும் சி.சி. என்பார்கள். அது இருந்தால்தான் நிரந்தர மின் இணைப்பு. நிரந்தர இணைப்பு இருந்தால்தான் லிஃப்ட் ஓடும். அது வரைக்கும் தற்காலிக இணைப்பில் விளக்கும் மின்விசிறியும் ஓட்டிக்கொள்ள வேண்டியது.

முறைப்படி பார்த்தால் சி.சி. வந்த பிறகுதான் நாங்கள் குடிவந்திருக்க வேண்டும். ஆனால் ஆவணி முடியப் போகிறது. புரட்டாசி பிறந்துவிட்டால் யார் பால் காய்ச்சுவது? "சி.சி. ரெண்டு வாரத்துல வந்துரும் சார்" என்று கட்டட நிறுவனத்தின் இன்ஜினியர் முகமது ஆசிக் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் ஒரே நாளில் ஏழு வீட்டில் பால் பொங்கியது. ஒரே குருக்கள் மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசி வீட்டில் மந்திரத்தைவிட மூச்சுதான் அதிகம் கேட்டது.

அன்று ஸ்வீட்லின் கீழே கார் நிறுத்தும் இடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஏழு வீட்டுக் கேசரியையும் ஒரு கை பார்த்தார். தம்பி ஜாபஸ், "அக்கா, நான் தூக்கினு போறேன், ஒரு தபா பாத்துட்டு வந்துரலாம்" என்று கெஞ்சினார். ஸ்வீட்லின் அசையவில்லை.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ, வரேன். என் ஊட்டுக்கு என்னை யாரும் தூக்கினு போவக் கூடாது. லிஃப்டு வரட்டும், நானே போறேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வழிபாடு முடிந்து நேராக இங்கே வருவார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத லிஃப்ட் கதவை ஒரு தடவை பார்ப்பார். எங்களோடு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் வீட்டுத் தரை என்ன நிறம், பால்கனியில் காற்று எப்படி என்பதெல்லாம் எங்கள் பதினோரு வீட்டுக்கும் தெரியும். சாவியை வாங்கிப் போய் ஆளுக்கொரு தடவை பார்த்துவிட்டு வந்து, "உங்க வீடு சூப்பர் ஸ்வீட்லின்" என்று அவரிடமே சொல்வோம். இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

அவருக்குக் கெடுவும் இருந்தது. அம்பத்தூரில் அவர் இருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். தை முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். படியில்லாமல், கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி இன்னொரு வாடகை வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. தைக்குள் லிஃப்ட் ஓடவில்லையென்றால், சொந்த வீட்டை வைத்துக்கொண்டு யார் வீட்டிலாவது ஒண்ட வேண்டியதுதான்.

இனி என் முதல் தப்பு. கார் நிறுத்தும் இடத்திலிருந்து லிஃப்ட் முன்கூடத்துக்கு ஏற மூன்று படிகள் உண்டு. மொத்தம் ஒன்றரை அடி உயரம். அந்தப் படிக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஓர் இடம் சும்மா கிடந்தது. பார்த்தால் சரியாக ஈசானிய மூலை. எனக்குக் கை பரபரத்தது. செயலாளர் ஆகி ஒரு மாதம் ஆகிறது, ஒன்றுமே செய்யவில்லையே! பத்தே நாளில் அங்கே பிள்ளையாருக்கு ஒரு சன்னதி எழுப்பிவிட்டேன். கருங்கல் பிள்ளையார், சுற்றிப் பளபளவென்று ஓடு, பித்தளை மணி, மேலே என் பெயரோடு கல்வெட்டு. என் மனைவி எழிலரசி கல்வெட்டைப் பார்த்துவிட்டு, "பிள்ளையாரைவிட உங்க பேருதான் பெரிசா இருக்கு" என்றாள். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

அஸ்திவாரம் போடும்போது ஆசிக் தயங்கித் தயங்கி வந்தார். "சார், ட்ராயிங்ல அந்த எடத்துல வேற ஒண்ணு காட்டியிருக்கு…"

"பிள்ளையாருக்கு என்னய்யா ட்ராயிங்?" என்று ஒரு அதட்டு அதட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். பிரதிஷ்டை அன்று ஸ்வீட்லினும் வந்திருந்தார். சன்னதியை மேலும் கீழும் பார்த்தார், பையைத் திறந்தார், மூடினார், கொழுக்கட்டை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரத்தில் வரும் என்ற சி.சி.க்கு ஆய்வே கார்த்திகையில்தான் நடந்தது. வந்த அரசாங்கப் பொறியாளர் கிருஷ்ணப்பிரியா. முப்பது வயது இருக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் சன்னதியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், குட்டிக்கொண்டார், திருநீறு பூசிக்கொண்டார். பாதி வேலை முடிந்தது என்று நான் ஆசிக்கைப் பார்த்துக் கண்ணடித்தேன். அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வரைபடத்தை விரித்தார்.

"சார், இந்த எடத்துல சாய்தளம் இருக்கணுமே. எங்க?"

"என்ன தளம் மேடம்?"

"மாற்றுத்திறனாளிகள் வண்டியில ஏறிப் போற சாய்தளம். படிக்குப் பக்கத்துல பதினெட்டு அடி நீளத்துக்கு. நீங்க அது மேலதான் பிள்ளையாரை வெச்சிருக்கீங்க."

"மேடம், நீங்களே இப்பதானே கும்பிட்டீங்க?"

"கும்பிட்டேன் சார். கும்பிட்டது நான், கையெழுத்து போடறது ஆபீஸ்." குறையைக் குறிப்பில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எனக்கே நடந்தது. நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஆசிக் மேல் பாய்ந்தேன். "தெரிஞ்சா அப்பவே கத்தியிருக்க வேண்டாமா? என்ன இன்ஜினியர் நீ?"

ஆசிக் தலையைக் குனிந்தார். அன்று விடுப்பு எடுத்து வந்திருந்த ஸ்வீட்லின்தான் பதில் சொன்னார்.

"அவரைத் திட்டாதீங்க சார். முகமது ஆசிக்னு பேர வெச்சிக்கினு, பிள்ளையார இங்க வெக்காதீங்கன்னு அவரு சொல்லணுமா? ஸ்வீட்லின்னு பேர வெச்சிக்கினு நான் சொல்லணுமா? எனக்கும் அன்னிக்கே தெரியும். வரைபடம் எங்கிட்டயும் கீது. சொன்னா இன்னா ஆயிருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. மென்பொருளில் ஒரு புள்ளி தள்ளியிருந்தாலும் கண்டுபிடிக்கிறவன், வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பார்க்கவில்லை. அந்தச் சாய்தளம் யாருக்கானதோ, அவர் கண்ணெதிரே நின்று அவருக்கே கொழுக்கட்டை கொடுத்திருக்கிறேன்.

சரி, எடுத்துவிடலாம். யார் எடுப்பது? அன்று மாலை சங்கக் கூட்டத்தில் பன்னிரண்டு வீடும் பேசியது. பிரதிஷ்டை ஆன பிள்ளையாரைத் தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் ஒருவர். வைத்தது செயலாளர், எடுப்பதும் செயலாளரே என்றார் இன்னொருவர். கடைசியில், பால் காய்ச்சிய அன்று வந்த அதே குருக்களைப் பூந்தமல்லிக்குப் போய்ப் பிடித்தேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு வெற்றிலையை மென்றபடி சிரித்தார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்? கோயில்ல திருப்பணி நடக்கறச்சே என்ன பண்றோம்? பாலாலயம் பண்றோம். சாமியோட சக்தியைக் கலசத்துல இறக்கி, சின்னதா வேற எடத்துல எழுந்தருளப் பண்ணிட்டா, அப்புறம் நீங்க தாராளமா வேலை பார்க்கலாம். வேலை முடிஞ்சதும் புது எடத்துல வெச்சுக்கலாம். மார்கழி பொறக்கறதுக்குள்ள பண்ணிடுவோம்."

வேறு இடம் என்றால் எது? வரைபடத்தில் இல்லாத எந்த மூலையிலும் வைக்க முடியாது, மறுபடி அந்த அம்மா வந்து நிற்பார். வரைபடத்தில் உள்ள இடங்களில் காலியாக இருந்தது ஒன்றே ஒன்று, காவலாளி அறை. காவலாளி கோதண்டம் இரவில் மட்டும்தான் அதில் படுப்பார். அவரிடம் போய்ச் சொன்னதும் துள்ளினார்.

"இன்னா சார் பேசற நீ? நேத்துதான் நெத்திலிக் கருவாடு வாங்கியாந்து வெச்சிக்கீறேன். சாமிய இட்டாந்து என் ரூம்ல குந்த வெச்சா நான் எங்க போயி துன்றது?"

"ஒரு மாசம்தான் கோதண்டம்."

"உங்க சி.சி. ரெண்டு வாரத்துல வரும்னு சொல்லி மூணு மாசம் ஆவுது. எங்கையில கத உடாத."

கருவாட்டை எழிலரசி எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டிலேயே குழம்பு வைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் அவர் இறங்கி வந்தார். கார்த்திகைக் கடைசியில் பாலாலயம் முடிந்தது. கல் பிள்ளையார் வழக்கப்படி நெல் மூட்டைக்குள் போனார். அத்திப் பலகையில் வரைந்த பிள்ளையார் கோதண்டத்தின் அறையில் எழுந்தருளினார். அன்றிலிருந்து எங்கள் எல்லோரையும்விட சி.சி.க்காக அதிகம் ஏங்கியவர் கோதண்டம்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா நைனா, எப்ப வருது? நாக்கு செத்துப் போச்சு" என்பார்.

சன்னதியை உடைத்தோம். கல்வெட்டும் உடைந்தது, எழிலரசி அதற்கு மட்டும் வேடிக்கை பார்க்க வந்தாள். கொத்தனார் சாய்தளம் கட்ட ஆரம்பித்தார். இங்கேதான் என் இரண்டாவது தப்பு. சாய்தளம் முழு நீளத்துக்கு வந்தால், அதன் முனை என் கார் நிற்கும் இடத்துக்கு வெகு பக்கத்தில் வந்துவிடும். ஒரே திருப்பில் காரை வெளியே எடுக்க முடியாது. கொத்தனார் காதில், "கொஞ்சம் குறைச்சுக்கங்க, யார் டேப் வெச்சுப் பார்க்கப் போறாங்க" என்று போட்டுவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்தார் ஸ்வீட்லின். புதன்கிழமை மறு ஆய்வு என்று நாள் வாங்கியிருந்தோம். எல்லோரும் கூடி நின்று, "எப்படி இருக்கு?" என்று ஆவலாகக் கேட்டோம். அவர் நாற்காலியில் இருந்தபடியே குனிந்து உயரத்தை அளந்தார். ஜாபஸை முனையைப் பிடிக்கச் சொல்லி நீளத்தை அளந்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"ஒரு அடி ஏறறதுக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும். இது ஒண்ணரை அடி உயரம், பதினெட்டு அடி வரணும். இவரு பன்னெண்டு அடிதான் போட்டுகீறாரு. செங்குத்தா கீது. ரிஜெக்ட்."

எல்லோருக்கும் எரிச்சல். புதன்கிழமையை விட்டால் ஆய்வுக்கு வேறு தேதி பொங்கல் கழித்துத்தான் கிடைக்கும். "அந்த மேடம் கண்ணால பார்த்துட்டுப் போயிடுவாங்க, அளக்கல்லாம் மாட்டாங்க" என்றேன் நான்.

"நான் அளந்துட்டேனே சார்."

"உங்களுக்குத்தானேம்மா அவசரம்? தைக்குள்ள வீடு காலி பண்ணணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவசரம்தான். நைட்ல தூக்கம் வரல சார் எனக்கு. அதுக்காக இதை ஓகே பெட்டியில போட முடியாது. நாளைக்கு நான் மட்டுமா இதுல ஏறுவேன்? உங்க எல்லாருக்கும்தான் வயசாவப் போவுது." பிறகு கொத்தனாரைப் பார்த்தார். "யாருண்ணா கொறைக்கச் சொன்னது?"

கொத்தனார் என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததை எல்லோரும் பார்த்தார்கள். மென்று விழுங்கி, காரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை.

"உங்க காருக்கு ரெண்டு தபா ரிவர்ஸ் எடுத்தா வெளிய வந்துரும் சார். என் வண்டி இந்தச் சரிவுல ரிவர்ஸ் எடுத்தா, நேரா பெங்களூர் ஐவேலதான் போய் நிக்கும்."

முதலில் சிரித்தது கோதண்டம். பிறகு நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? மறுநாளே உடைத்து, என் கார் முனை வரைக்கும் பதினெட்டு அடி போட்டோம். கைப்பிடிக் கம்பி வைக்கும்போது நானே நின்று பார்த்தேன். புதன்கிழமை நாள் கைவிட்டுப் போனது. மார்கழி முழுவதும் ஸ்வீட்லின் வீட்டில் சாமான்கள் அட்டைப் பெட்டியில் கட்டிக் கிடந்தன. எங்கே போகிறோம் என்று தெரியாமலே கட்டி வைத்திருந்தார்.

பொங்கல் கழித்து கிருஷ்ணப்பிரியா மறுபடி வந்தார். சன்னதி இருந்த இடத்தில் நின்றார். கையில் இருந்த கருவியின் சிவப்புப் புள்ளியைச் சாய்தளத்தின் ஒரு முனையில் வைத்து மறுமுனை வரைக்கும் அளந்தார். உயரத்தை அளந்தார். முன்பு அளக்க மாட்டார் என்று சொன்ன என்னை ஸ்வீட்லின் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு அந்த அம்மா, "ஏறிக் காட்டறீங்களா?" என்று அவரிடம் கேட்டார். ஸ்வீட்லின் யாரும் தள்ளாமல் சக்கரத்தைக் கையால் உருட்டி மேலே போய், திரும்பி, கீழே வந்தார். கிருஷ்ணப்பிரியா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்.

"நிறைய கட்டடத்துல பேருக்கு ஒண்ணு போட்டிருப்பாங்க மேடம். ஏறச் சொன்னா யாராவது பின்னால தள்ளணும். இது யார் பார்த்துக் கட்டினது?"

யாரும் வாய் திறப்பதற்குள் கொத்தனார் ஸ்வீட்லினைக் கை காட்டிவிட்டார்.

பத்து நாளில் ஆசிக்கின் கைப்பேசிக்குச் சான்றிதழ் வந்தது. அவர் மாடி மாடியாக ஓடி வீடு வீடாகக் காட்டினார். அடுத்த வாரம் நிரந்தர மின் இணைப்பு. லிஃப்ட் ஆட்கள் வந்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, உரிமத்துக்கான ஆய்வும் முடிந்தது. முன்கூடத்துச் சுவரில் ஒரு மாடம் அமைத்துப் பிள்ளையாரை அங்கே குடியேற்றினோம். தரையில் ஒரு அங்குலம்கூட எடுக்கவில்லை, நானே அளந்தேன். கோதண்டம் அன்று மதியமே கருவாடு வறுத்தார். மூன்றாவது மாடி வரைக்கும் மணந்தது.

தை முடிய நான்கு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஸ்வீட்லின் வந்தபோது நாங்கள் அத்தனை பேரும் கீழே நின்றோம். எழிலரசி ஆரத்தித் தட்டோடு நின்றாள். ஜாபஸ் வேதப் புத்தகமும் பால் சட்டியும் வைத்திருந்தார். ஆளாளுக்கு லிஃப்டில் அவரோடு ஏறப் பார்த்தோம். ஸ்வீட்லின் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரும் வாணாம். நான் மட்டும் போறேன்."

நாற்காலியைப் பின்பக்கமாக உருட்டி உள்ளே போனார். பொத்தானை அழுத்தினார். கதவு மூடும்போது அவர் முகம் வெளிறியிருந்தது. மூடியதும் நாங்கள் படியில் ஓடினோம். நாற்பத்தெட்டு வயதில் நான்கு மாடி ஓடினால் என்ன ஆகுமோ அது எனக்கு ஆயிற்று. மூன்றாவது மாடியில் எழிலரசி என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

மேலே போனபோது அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் முண்டியடித்து நின்றோம். ஸ்வீட்லின் கூடத்துக்கு நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பால்கனிக் கதவைப் பார்த்தார். தோள் குலுங்கியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. மூச்சு வாங்கியதால் என்று எழிலரசியிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பி வாசலுக்கு வந்தார். எங்களில் ஒவ்வொருவரும் எத்தனை தடவை இந்த வீட்டுக்குள் போய் வந்திருப்போம்! இருந்தும் அன்றைக்கு ஒருவருக்கும் நிலைப்படியைத் தாண்டக் கால் வரவில்லை.

"இன்னா சார், வெளியவே நின்னுகினு கீறீங்க?" என்றார் ஸ்வீட்லின். "என் ஊடுதான். உள்ள வாங்க."